உப்புத் தண்ணீரும் குளியல் பொடியும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கரிக்கும். சோப்பு போட்டால் நுரை எழாது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வந்தன. அதே சுண்ணாம்பு நிலத்தடி நீரிலும் கரைந்து வருகிறது. நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகிறது. வாளி விளிம்பில் திட்டுத்திட்டாக ஒட்டும் அந்தப் படிவம் உடம்பிலும் ஒட்டுகிறது. குளித்து முடித்த சற்று நேரத்தில் கைகால் வெளிறிச் சொரசொரப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டுக் குளியல் பொடிக்கு ஆதரவாக நான் முதலில் சொல்வது இதைத்தான். பாசிப்பயறு மாவும், உசிலை இலையைக் காயவைத்து அரைத்த அரப்பும் சோப்பு வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் அழுக்கை எடுப்பது சபோனின். அது உப்புத் தண்ணீரில் படிவமாகத் திரியாது. மாவுச்சத்து எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொள்கிறது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவில் 4.5 முதல் 5.5 வரை. சோப்போ 9, 10 என்று காரத்தில் நிற்கும். பயற்றமாவில் அந்தக் காரம் கிடையாது. உசிலை இந்த வறண்ட காட்டில் தானாக வளரும் மரம். பொடியில் சேரும் ஆவாரை தரிசில் பூத்துக் கிடக்கிறது. கோரைக்கிழங்கு வயலில் களையாகப் பிடுங்கி எறியப்படுகிறது. ஊர்த் தண்ணீருக்கு ஊர்ச் செடியே பொருந்திவந்தது தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு பார்த்து அடைந்த அறிவு. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடையில் விற்கும் சிவப்பழகு கிரீம்களோடு ஒப்பிட்டால் பொடியின் மதிப்பு இன்னும் தெளிவாகும். கேரளத்தின் மலப்புறம் பகுதியில் அத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான செய்தி 2023-இல் வெளிவந்தது. அந்தக் கிரீம்களில் இருந்த பாதரசத்தின் வேலை அது. அந்தக் கேட்டுக்குப் பாசிப்பயற்றில் இடமில்லை.

ஆனால் இந்தப் பெருமை எல்லாம் பொடி தேய்த்துக் கழுவும் பொருளாக இருக்கும்வரைதான். பூசிக் காயவிடும் பொருளாகவும், நோய்க்கு மருந்தாகவும், டப்பாவில் அடைத்த சரக்காகவும் அதை மாற்றும்போது கணக்கு வேறாகிறது. கார்போக அரிசியையே எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவ நலங்கு மாவில் சந்தனம், வெட்டிவேர், விலாமிச்சு வேர், கிச்சிலிக்கிழங்கு ஆகியவற்றோடு இதுவும் சேரும். இதில் உள்ள சோராலென் வெயில் பட்டால் தோலைத் தீய்க்கக்கூடியது. அந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் வெண்புள்ளிக்குச் சோராலெனும் புற ஊதா ஒளியும் சேர்த்துச் சிகிச்சை செய்கிறார்கள், அதுவும் அளவு பார்த்து, நேரம் பார்த்து. தேய்த்த உடனே கழுவிவிட்டால் பெரிதாக ஒன்றும் நேராது. காலையில் அதை முகத்தில் பற்றுப் போட்டு, அரைகுறையாகக் கழுவிவிட்டுப் பருத்தி எடுக்கப் போகும் பெண்ணின் நிலை வேறு. எலுமிச்சைச் சாறும் அப்படியே. அதன் அமிலம் தோலுக்கு மிகக் கடுமை. அதோடு வெயில் பட்டால் கறுப்புத் தழும்பு விழும். நிறம் கூட்டப் பூசியது நிறத்தைக் கெடுக்கும்.

செடியிலிருந்து வந்தது தோலுக்குத் தீங்கு செய்யாது என்று இந்த ஊர்க்காரர்களிடம் சொல்லவே முடியாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் கொப்பளிக்கும். அதனால்தான் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு வேலைக்கு உட்காருகிறார்கள். சேங்கொட்டையும் அதே குடும்பம். இத்தனை அறிந்த மக்களிடம், இயற்கை என்ற ஒரே சொல்லைக் காட்டி எதையும் விற்றுவிட முடிகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

மருந்தாக நம்புவதில் வரும் கேடு இன்னொன்று. சிமென்ட் பூச்சு வேலை செய்பவர்களுக்குக் கையில் வரும் அரிப்பும் வெடிப்பும் சிமென்ட்டின் கடுங்காரத்தாலும் குரோமியத்தாலும் வருபவை. மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் போட்டுப் பார்த்துக் காலத்தைக் கடத்தினால் புண் ஆழமாகும். கையுறையும் தோல் மருத்துவரும்தான் அதற்கு வழி.

கைக்குழந்தை விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருப்பேன். 2011-இல் ஜப்பானில் சா நோ ஷிசுகு என்ற முகச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தார்கள். அதுவரை கோதுமை உணவைச் சாதாரணமாகச் சாப்பிட்டுவந்த 2,000-க்கும் மேற்பட்டோருக்கு, அதில் முகம் கழுவியதால் கோதுமையே ஒவ்வாமல் போனது. வயிற்றின் வழியாகப் போனால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் உணவை, தோலின் வழியாகப் போனால் பகையாக நினைத்துவிடலாம். கரப்பான் வந்து தோல் வெடித்த குழந்தைக்குப் பயற்றமாவும் கடலைமாவும் தேய்ப்பதை அந்த நாட்களிலாவது நிறுத்த வேண்டும்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் பழைய காலத்தைப் போல இல்லை. பாட்டி பறித்த குப்பைமேனி வெறும் வரப்பில் முளைத்தது. இன்று அந்த வரப்புக்கு இரு பக்கமும் மக்காச்சோளம் நிற்கிறது. 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிப்பும் கூடிவிட்டது. சாலையோர ஆவாரையில் லாரிப் புழுதி. நாட்டு மருந்துக் கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டு வாங்குவது பல நேரம் வேறொரு கிழங்கு. உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறத்தில் இருக்கும், தோலில் மஞ்சளாகப் பிடிக்காது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பேற்ற ஈயக் குரோமேட் பூசியதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு கடுமை காட்டியதும் இரண்டே ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. அரைக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்துப் போட்ட குளியல் பொடி என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

நிழலில் நன்றாக உலர்த்திச் சலித்த பொடியில் ஈரம் இல்லை. அதனால் சில மாதங்கள் கெடாது. கற்றாழைச் சோறு அப்படியல்ல. வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவி நீக்காவிட்டால் அரிக்கும். நீக்கினாலும் ஓரிரு நாளில் கிருமி சேரத் தொடங்கும். பதப்படுத்தும் பொருளே சேர்க்கவில்லை என்று பெருமையாக எழுதி, ஜெல்லையும் கிரீமையும் மாதக்கணக்கில் வைத்து விற்பதை ஏற்க முடியாது. ஈரமுள்ள பொருளுக்குப் பதப்படுத்தி தேவை. இல்லையென்றால் அன்றன்று செய்து அன்றன்றே தீர்க்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பதற்காகத் தயாரிப்பவர் மாநில உரிமம் பெற வேண்டும். சேர்மானங்கள், தொகுதி எண், பயன்படுத்தும் கெடு ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். வாங்குபவருக்கு இது நியாயமான பாதுகாப்பு. ஆனால் வீட்டுத் திண்ணையில் பொடி கட்டி விற்கும் மகளிர் குழுவால் தனி ஆலைக்கூடமும் தகுதிபெற்ற மேற்பார்வையாளரும் வைக்க முடியாது. அவர்களை உரிமமில்லாதவர்கள் என்று விரட்டுவது தவறு, கண்டும் காணாமல் விடுவதும் தவறு. பல குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஓர் உரிமம் பெற்ற அரவைக்கூடமும் பரிசோதனை வசதியும் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூருக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. மூலிகையை வரப்பிலிருந்து பறிக்காமல் தனிப் பாத்தியில் வளர்க்கச் சொல்லித்தர அவற்றால் முடியும். சோதனையைத் தொடங்க வேண்டியது இரண்டில்: மஞ்சளில் ஈயம், குப்பைமேனியில் பூச்சிமருந்து.