உதைபந்தாட்டத்திற் காவற்கலை

மதிலை முற்றுவதை உழிஞை என்றும், மதிலைக் காப்பதை நொச்சி என்றும் இரு திணைகளாக வகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. தாக்குவோனுக்குரிய சிறப்புக் காப்போனுக்கும் உண்டென்பது அவ்வகுப்பின் உட்கிடை. உதைபந்தாட்டத்தை விமரிசிப்போர் பலர் இந்நடுநிலையைக் கைக்கொள்வதில்லை. கோல் அடிப்போனைக் கலைஞன் என்பர். அதனைத் தடுப்போனைக் கலையைக் கெடுப்போன் என்பர். இப்பழி மிகுதியாகச் சுமத்தப்பட்டது இத்தாலியரின் காவல் முறையின் மீதாகும். அம்முறைக்குக் கத்தெனாச்சியோ என்று பெயர். தாழ்ப்பாள் என்பது அதன் பொருள். அப்பழி எவ்வளவிற்குத் தகும் என்பது ஆராயற்பாலது.

காவல் நிலைகள் ஆடுவோரின் மனப்போக்கினால் மட்டும் தோன்றியனவல்ல. விதிமாற்றங்களும் எதிரணியினர் கண்ட புதுமைகளும் அவற்றைத் தோற்றுவித்தன. 1925 ஆம் ஆண்டுவரை, பந்து தன்னை நோக்கி உதைக்கப்படும் வேளையில், தனக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இல்லாவிடின் முன்னணி வீரன் ஓப்சைட் ஆவான். அவ்வாண்டிலே மூவர் என்பது இருவராகக் குறைக்கப்படவே கோல்கள் பெருகின. அதுகாறும் நடுவரிசையில் முன்னும் பின்னும் இயங்கிய நடுவீரர், ஹேர்பேர்ட் சப்மன் பயிற்றிய ஆர்சனல் அணியிலே பின்வரிசைக்கு இறங்கி, எதிரணியின் நடு முன்னணி வீரரைக் காக்கும் மூன்றாம் காவலரானார்.

இவ்வமைப்பின் குறை 1953 நவம்பர் 25 ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் வெளிப்பட்டது. ஹங்கேரியின் நடு முன்னணி வீரரான ஹிடெக்குற்றி முன்னே நில்லாது பின்னிறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றாற் கோலின் முன்னே வெளி உண்டாகும். தொடராது விட்டால் அவர் தடையின்றி ஆட்டத்தை நடத்துவார். இங்கிலாந்தின் நடுக்காவலர் இவ்விரண்டனுள் ஒன்றைத் துணியமாட்டாது இடர்ப்பட்டார். ஹங்கேரி 6-3 என வென்றது. ஹிடெக்குற்றி மாத்திரம் மூன்று கோல்களை அடித்தார். ஆளுக்கு ஆள் காக்கும் அணியிலே ஒருவர் வெளியே இழுக்கப்பட்டால் அவர் விட்ட இடத்தைக் காப்பவர் யார் என்ற வினா அன்று தெளிவாக எழுந்தது.

இவ்வினாவுக்குரிய விடை சுவிற்சலாந்திலே முன்னரே காணப்பட்டிருந்தது. அங்குப் பயிற்றுநராயிருந்த ஒஸ்திரியர் கார்ல் ரப்பன், 1930 களிலே, எவரையும் தனித்துப் பற்றாது வெளியைக் காக்கும் ஒருவரை ஏனைய காவலருக்குப் பின்னே நிறுத்தினார். 1938 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிற் சுவிற்சலாந்து ஜேர்மனியை 4-2 என வென்றமை இம்முறைக்குப் புகழ் தந்தது. பின்னர் இத்தாலியர் அக்காவலரை லிபெரோ என்றனர். கட்டற்றவர் என்பது அதன் பொருள். பிறர் ஓர் ஆளைப் பற்றி நிற்க, இவர் ஆட்டம் முழுவதையும் நோக்கி நிற்பார். இந்நிலைக்கு வேண்டப்படுவது வேகத்தினும் மேலான அறிவாகும்.

ஹெலனியோ ஹெரேராவின் பயிற்சியில் இன்ரர் மிலான் அணி 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவ்வணியை வெறுந் தடுப்புச்சுவர் என்றல் பொருந்தாது. ஆர்மந்தோ பிக்கி லிபெரோவாக நின்று காத்தமையால், இடப்பக்கக் காவலர் ஜியாசிந்தோ பக்கெற்றி அச்சமின்றி முன்னேறினார். 1965 அரையிறுதியின் முதலாட்டத்தில் லிவர்பூலிடம் 3-1 எனத் தோற்ற இன்ரர், மறு ஆட்டத்தை 3-0 என வென்றது. மூன்றாம் கோலை அடித்தவர் பக்கெற்றியே. 1965-66 பருவத்து இத்தாலிய லீக் ஆட்டங்களில் அவர் 10 கோல்களை அடித்தார். ஒருவரின் காவல் மற்றொருவருக்கு விடுதலை அளித்தது. அம்முறையின் உயிர் அதுவே.

அவ்வுயிர் நீங்கிய காட்சியை 1967 மே 25 ஆம் நாள் லிஸ்பன் நகரிற் காணலாம். ஸ்கொத்லாந்தின் செல்ரிக் அணிக்கெதிரான இறுதியாட்டத்தில், ஏழாம் நிமிடத்திலே தண்டனை உதையால் மற்சோலா கோல் அடித்தார். அதன்பின் இன்ரர் பெரும்பாலும் தன் கோலைச் சூழ்ந்தே நின்றது. தாக்குதலை இணைத்து நடத்தும் சுவாரெஸ் அன்று ஆடவில்லை என்பது உண்மையே. எனினும் அஃது ஒன்றே காரணமாகாது. செல்ரிக்கின் பக்கக் காவலர் ஓயாது முன்னேறினர். 63 ஆம் நிமிடத்திற் சமன்செய்த ஜெமெல் ஓர் இடப்பக்கக் காவலர். இறுதி நிமிடங்களிற் சால்மேர்ஸ் அடித்த கோலால் செல்ரிக் 2-1 என வென்றது. பக்கெற்றி கற்பித்த பாடத்தை அன்று எதிரணியே ஒப்புவித்தது.

இதனைக் காவற்கலையின் தோல்வி என்போர் உளர். அக்கூற்று முழுதும் ஏற்புடைத்தன்று. 1958 இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிறேசில், அரையிறுதிக்கு முன் ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒரு கோலையேனும் விட்டுக்கொடுக்கவில்லை; அவ்வணியின் அழகை அதனாற் குறைத்துப் பேசுவாரில்லை. 1974 இல் மேற்கு ஜேர்மனியின் தலைவராகக் கிண்ணம் பெற்ற பெக்கன்பவர், லிபெரோ நிலையில் நின்றே தாக்குதல்களைத் தொடக்கிவைத்தார். தாழ்ப்பாள் வீட்டிற்கு வேண்டுவதே. உள்ளிருந்து நீக்கமாட்டாத தாழ்ப்பாளோ வீட்டாரையே சிறைப்படுத்தும். இன்ரர் அணியிடம் கண்டிக்கத்தக்கது இவ்வொன்றே.

பாடசாலை மைதானங்களிலே திறமை குறைந்தோனைப் பின்வரிசையில் நிறுத்தி, பந்தை எப்படியாயினும் தூர உதை என்று ஏவும் வழக்கம் உண்டு. பிக்கியையும் பெக்கன்பவரையும் அறிந்தோர் அவ்வாறு செய்யார். ஆட்டம் முழுவதையும் காணும் கண் உடையோன் எவனோ, அவனே அந்நிலைக்கு உரியவன்.