நரகில் கண்ட ஆசான்

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு மறைபொருள் அமைத்துச் சமய உண்மைகளைக் கதையாகப் பாடுவது இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவக் கவிஞர் போற்றிய மரபாகும். அம்மரபின் சிகரம், இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே (1265–1321) இயற்றிய ‘தெய்வீக இன்பியல்’. நரகம், உத்தரிக்கும் தலம், விண்ணுலகு என 3 காண்டங்களும் 100 படலங்களும் கொண்ட இக்காப்பியத்துள், நரகக் காண்டமே கற்போரை மிகுதியும் ஈர்த்துள்ளது.

இருண்ட காட்டில் வழிதவறிய தாந்தேயைச் சிறுத்தையும் அரிமாவும் பெண் ஓநாயும் மறிக்கின்றன. உரோமக் கவிஞர் வெர்ஜில் தோன்றி, நரகத்தின் 9 வட்டங்களினூடே அவரை அழைத்துச் செல்கிறார். காடு பாவ வாழ்வு, விலங்குகள் தீய நாட்டங்கள், வெர்ஜில் மானிட அறிவு என்பர் உரைகாரர். இது பிழையன்று. ஆயினும், இவ்வாறு பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு அமைந்துவிடும் மாணவர் காப்பியத்தின் வாயிலைக் கண்டு மீண்டவரே ஆவர். அதன் உயிர்நிலையை உணர்த்துவது நரகக் காண்டத்தின் 15ஆம் படலம்.

ஏழாம் வட்டத்தில், எரிமணற் பரப்பின்மீது தீ மழை பொழிகிறது. கரைமேல் நடந்துவரும் தாந்தேயின் ஆடை விளிம்பை, கீழிருந்து ஓர் உருவம் பற்றுகிறது. முகம் கருகியிருப்பினும் தாந்தே அவரை அறிந்துகொள்கிறார். அவர் புரூனெத்தோ லத்தீனி. 1294இல் மறைந்த புளோரன்சு நகரச் சான்றோர். மனிதன் புகழுடம்பு எய்தும் வழியைத் தாந்தேக்குக் கற்பித்தவர்.

தீக்கு அஞ்சிக் கீழே இறங்க இயலாத மாணவர், தலை தாழ்த்தியபடி ஆசானுடன் நடக்கிறார். நரகத்தில் பிறரை ஒருமையில் விளிக்கும் தாந்தே, மூவரிடம் மட்டுமே மரியாதைப் பன்மை வழங்குகிறார். அம்மூவருள் ஒருவர் புரூனெத்தோ. தீர்ப்புக்கு ஆளான பின்னரும் ஆசானுக்குரிய பணிவு குன்றவில்லை.

அவர் செய்த குற்றம் யாது? இயற்கைக்கு மாறான காமம் என்பது பழைய உரையாசிரியர் கொள்கை. பிரெஞ்சு அறிஞர் ஆந்திரே பெசார் 1950இல் வேறொரு விளக்கம் தந்தார். புரூனெத்தோ தம் பெருநூலாகிய ‘கருவூல’த்தைத் தாய்மொழியில் எழுதாது பிரெஞ்சு மொழியில் எழுதினார், அதுவே குற்றம் என்றார் அவர். தாய்மொழிப் பற்றுடையார்க்கு இக்கருத்து இனிக்கும். ஆனால், இனிப்பது கொண்டு ஒரு கருத்தை ஏற்றல் திறனாய்வு ஆகாது. அதே புரூனெத்தோ இத்தாலிய மொழியிலும் ஓர் உருவகப் பயணக் கவிதை பாடியுள்ளார். ஆதலின் இவ்விளக்கம் வலுவுடையதாகத் தோன்றவில்லை.

குற்றம் எதுவாயினும், படலத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டுவது ஆசானின் இறுதி வேண்டுகோள். தம் ‘கருவூலம்’ மறக்கப்படலாகாது, அதில் தாம் இன்னும் வாழ்வதாக அவர் கூறுகிறார். நூற்புகழே நிலைபேறு என நம்பிய அறிஞர், நெருப்பின் நடுவிலும் அந்நம்பிக்கையை விடவில்லை. அப்புகழ் உயிரை மீட்கவில்லை என்பதைக் கவிஞர் வாய்திறந்து சொல்லாமல், காட்சியால் உணர்த்துகிறார்.

வழிகாட்டியாகிய வெர்ஜிலும் திருமுழுக்குப் பெறாதவராதலின் நரகின் முதல் வட்டத்திற்கே உரியவர். ஆக, தாந்தே போற்றிய இரு ஆசான்களுக்கும் விண்ணுலகில் இடமில்லை. அன்புக்காக அவர் தம் அறக்கொள்கையை வளைக்கவில்லை. அறக்கொள்கைக்காக அன்பை மறைக்கவுமில்லை. உருவகம் மட்டுமே நோக்கமாயின், புரூனெத்தோ ஒரு பாவத்தின் பெயராக முடிந்திருப்பார். படிப்போர் நெஞ்சில் துயரம் எழுந்திராது.

படலம் முடிவுறும்போது, தம் கூட்டத்தை எட்டிப்பிடிக்க ஆசான் ஓடுகிறார். வெரோனா நகர ஓட்டப் பந்தயத்தில் தோற்றவனைப் போலன்றி, வென்றவனைப் போல் அவர் ஓடினார் என்கிறார் தாந்தே. தண்டனை பெற்றவருக்கு வெற்றியாளரின் உவமை! ஆசானின் குறையை மறையாது கண்டு, அவரிடம் பெற்ற கல்விக்கு நன்றியும் மறவாத மாணவனின் காணிக்கை அது.