முதல் அச்சுக்கே முதல் மரியாதையா?

மேஜையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் இருப்பது ஒரே வாசிப்பு: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. ஒன்று 1959-ல் கொலம்பியா வெளியிட்ட எல்.பி.யின் ஆரம்ப அச்சு. லேபிளைச் சுற்றி ஆறு கண் சின்னம். மற்றது 1997-ல் மூல டேப்பிலிருந்து புதிதாகத் தயாரித்த சி.டி. எது நன்றாக ஒலிக்கிறது என்று ரெக்கார்டு சேகரிப்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் யோசிக்காமல் முதல் அச்சு என்பார்கள். நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிவந்தேன். இந்த ஆல்பத்தை இரண்டு வடிவிலும் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கேட்க உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டின் ஒலி அளவையும் சமன் செய்தாக வேண்டும். ஒருவர் பத்தடி முன்னால் நின்று ஓட ஆரம்பித்தால் அது பந்தயமே இல்லை. சத்தம் குறையும்போது நம் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் விட்டுவிடும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால்கூட, சத்தமாக இருப்பது ‘தெளிவாக’ இருப்பதுபோலத் தோன்றும். ரீமாஸ்டர் பிரமாதம் என்று சொல்பவர்களில் பலர், வால்யூம் கூடியதைத்தான் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அளவைச் சமன் செய்துவிட்டு முதல் பக்கத்தில் முள்ளை வைத்தேன். ‘சோ வாட்’. பில் எவன்ஸின் பியானோவும் பால் சேம்பர்ஸின் பேஸும் தயங்கித் தயங்கிப் பேசிக்கொள்கின்றன. பிறகு பேஸ் ஒரு கேள்வி கேட்கிறது. மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்கிறார்கள். எல்.பி.யில் பேஸின் உடம்பு நன்றாகத் தெரிகிறது, கம்பியைத் தாண்டி மரமும் கேட்கிறது. இங்கேயே எல்.பி.க்கு வெற்றி என்று எழுதத் தோன்றும். ஆனால் அதன் சுருதி தவறு.

1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், கிழக்கு 30-ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் பதிவாயின. பழைய தேவாலயம் ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றிய இடம் அது. அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை. அன்று இரண்டு டேப் இயந்திரங்கள் ஒன்றாக ஓடின. ஒன்று மாஸ்டர், மற்றது பாதுகாப்புப் பிரதி. மாஸ்டர் ஓடிய இயந்திரம் சற்று மெதுவாகச் சுற்றியதை யாரும் கவனிக்கவில்லை. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வாசிப்பு வேகமெடுக்கும், சுருதி ஏறும். ஏறியது ஒரு அரைச்சுரத்துக்கும் குறைவுதான். ஆனால் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக நினைத்தவருக்கு அது போதாதா? டிரம்பெட்காரர் குழலை உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம். பியானோக்காரர் என்ன செய்வார்?

ஸ்டீரியோ, மோனோ என்று வித்தியாசமில்லாமல் முதல் பக்கம் இந்தக் குறையோடுதான் உலகம் சுற்றியது. 1992-ல்தான் பாதுகாப்புப் பிரதியை எடுத்து வேகத்தைச் சரி செய்தார்கள். 33 ஆண்டுகள்! ஆல்பத்தில் வாசித்தவர்களில் கோல்ட்ரேன் 1967-லும் சேம்பர்ஸ் 1969-லும் போய்விட்டார்கள். ஒரே ஒரு உருப்படிக்குப் பியானோ வாசித்த வின்டன் கெல்லி 1971-ல், கேனன்பால் ஆடர்லி 1975-ல், எவன்ஸ் 1980-ல். மைல்ஸே 1991 செப்டம்பரில் இறந்துவிட்டார். வாசித்த ஏழு பேரில் சரியான சுருதியில் அந்தப் பக்கம் வெளிவந்தபோது உயிரோடு இருந்தவர் டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் ஒருவர்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

1997 சி.டி.யில் இந்தத் திருத்தம் இருக்கிறது. சரியான வேகத்தில் ‘சோ வாட்’ கேட்டபோது எனக்கு முதலில் பட்டது சுருதிகூட இல்லை, நடை. ஒரு இழை நிதானம் கூடியிருக்கிறது. மைல்ஸ் தன் தனி ஆவர்த்தனத்துக்குள் நுழையும் இடத்தில் காப் ஒரு சிம்பல் அடிப்பார். அந்த அடியைவிட, அது கரையும் விதம்தான் முக்கியம். அத்தனை பெரிய அறைக்குள் பரவி, டிரம்பெட்டுக்குப் பின்னால் நெடுநேரம் ஒரு படலம்போல நின்று அடங்குகிறது. எல்.பி.யில் அந்தப் படலத்தின் வால் தட்டின் இரைச்சலுக்குள் மறைந்துவிடுகிறது. சி.டி.யில் கடைசிவரை பின்தொடர முடிகிறது.

மூன்றாவது உருப்படி ‘ப்ளூ இன் கிரீன்’. மைல்ஸ் டிரம்பெட் வாயில் ம்யூட் செருகி, மைக்கை ஒட்டி வாசிக்கிறார். மெல்லிய, கூரான ஒலி. அது எல்.பி.யில் வாய்த்திருப்பதோ மிக மோசமான இடத்தில். 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்போது, வெளி விளிம்பில் தடம் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வேகத்தில் முள்ளுக்கடியில் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலியலையைப் பாதிக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கி எழுத வேண்டிய நிலை. கூரான ஒலிகள்தான் முதலில் அடிபடும். என்னிடம் உள்ள தட்டில் ம்யூட் டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விளிம்பு சற்றே பிசிறுகிறது. சி.டி.க்கு முதல் தடம், கடைசித் தடம் என்ற பேதமே இல்லை. முதல் பக்கத்தை முழுசாக ரீமாஸ்டருக்கே கொடுக்கிறேன்.

தட்டைத் திருப்பினால் ஆட்டம் மாறுகிறது. இரண்டாம் பக்கம் 1959 ஏப்ரல் 22-ல் பதிவானது. அன்று இயந்திரம் ஒழுங்காக ஓடியது. (ஆரம்ப அச்சுகள் சிலவற்றில் இந்தப் பக்கத்து இரண்டு உருப்படிகளின் பெயர்களும் இடம் மாறியிருக்கும் என்பது வேறு கதை.) ‘ஆல் ப்ளூஸ்’ தொடங்கும்போது எவன்ஸின் பியானோ நீர்மேல் காற்று போவதுபோல அதிர்கிறது. காப் மெதுவாகத் தாளம் பிடிக்கிறார். எல்.பி.யில் இவர்கள் எல்லோரும் ஒரே அறைக்குள் இருக்கிறார்கள். சி.டி.யில் ஒவ்வொருவரும் தெளிவாகத் தெரிகிறார்கள், ஆனால் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள்.

காரணம் உண்டு. 1997-ல் நடந்தது வெறும் ரீமாஸ்டர் இல்லை. வைத்த குழம்பில் உப்பு, புளி சரிபார்ப்பது ரீமாஸ்டர். நறுக்கிய காயிலிருந்து மறுபடி குழம்பு வைப்பது ரீமிக்ஸ். இங்கே மூன்று தட மூல டேப்புக்கே போய் மறுபடி கலந்தார்கள். நடுவில் ஒரு நகல் குறைந்ததால் தெளிவு கூடியது. ஆனால் யார் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்று 1959-ல் எடுத்த முடிவு போய், வேறொருவர் 38 ஆண்டு கழித்து எடுத்த முடிவு வந்துவிட்டது. தவிர, எல்.பி. வெட்டப்பட்டபோது டேப்பின் வயது சில மாதம்தான். இரண்டாம் பக்கம் என் தீர்ப்பில் முதல் அச்சுக்கு.

இந்த ஆல்பத்தைத் தொட்ட கைகள் பொறுப்பானவை. எல்லா ஆல்பத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1990-களில் சி.டி.களின் சத்தத்தைப் போட்டி போட்டு ஏற்றினார்கள். சி.டி.யில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. ஆகவே மெல்லிய பகுதிகளைத் தூக்கி, பலத்த பகுதிகளின் தலையைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கினார்கள். ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ 1973-ல் டேவிட் போவி கலந்த வடிவில் வந்தது. 1997-ல் இகி பாப் தானே மறுபடி கலந்து வெளியிட்ட பதிப்பு, வெளிவந்தவற்றிலேயே மிகச் சத்தமான ஆல்பங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. பாடியவரின் விருப்பம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் அடி, இடைவெளி, அடி என்று இருக்க வேண்டிய டிரம்ஸ் அங்கே சுவரோடு சுவராகிவிட்டது. காது பத்து நிமிடத்தில் களைத்துவிடுகிறது.

‘முதல் அச்சு’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பவர்கள் லெட் செப்லின் குழுவின் 1969-ஆம் ஆண்டு இரண்டாவது ஆல்பத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க எல்.பி.யை முதலில் வெட்டியவர் ராபர்ட் லட்விக். தைரியமாக, அடித்தொனியைக் குறைக்காமல் வெட்டினார். அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அகமத் எர்டெகுனின் மகளுடைய சாதாரண பிளேயரில் முள் தடம் தாவியது என்று லட்விக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடனே ஒலியை அடக்கி வேறு மாஸ்டர் வெட்டச் சொன்னார்கள். ஒரே ஆல்பம், ஒரே காலம், கேட்டால் இரண்டு வேறு தட்டு. கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் ‘ஆர்.எல்.’ என்று கீறியிருக்கிறதா என்று விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பது இதனால்தான். அந்தக் கீறலுக்கு இன்று கொடுக்கும் விலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

நம் காதின் மேல் நமக்குள்ள நம்பிக்கைக்கும் 2022-ல் ஒரு சோதனை வந்தது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் உயர்ந்த விலையில் விற்ற மறுபதிப்பு எல்.பி.க்கள் பலவற்றில், டேப்புக்கும் தட்டுக்கும் நடுவே டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது அந்த ஜூலையில் வெளியே வந்தது. சொல்லாமல் விற்றது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் டிஜிட்டல் கலந்தால் நொடியில் கண்டுபிடிப்பேன் என்று சொல்லிவந்த தேர்ந்த ரசிகர்கள்தான் அந்தத் தட்டுகளை வருஷக்கணக்கில் மெச்சியிருந்தார்கள்.

ஆகவே ஆண்டைப் பார்த்துத் தட்டு வாங்குவதை விட்டுவிட்டேன். எந்த டேப், யார் கை, எவ்வளவு மௌனத்தை விட்டுவைத்தார்கள் என்று பார்க்கிறேன். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ கேட்கும் இரவுகளில் முதல் மூன்று உருப்படிகளுக்கு சி.டி. ‘ப்ளூ இன் கிரீன்’ முடிந்ததும் எழுந்துபோய், எல்.பி.யின் இரண்டாம் பக்கத்தைத் துடைத்து முள்ளை வைக்கிறேன். ‘ஆல் ப்ளூஸ்’ வருவதற்கு முன் சில விநாடிகள் தட்டு மட்டும் மெல்லப் பொரிகிறது.