பிளார்னி கோட்டை: வரலாறும் தொன்மங்களும்

பிளார்னி கோட்டை அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகருக்கு வடமேற்கில் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் உள்ளது. இன்றுள்ள கல் கோபுரம் மக்கார்த்தி குலத் தலைவர் கோர்மாக் லாய்டிர் 1446-ல் கட்டியது என்பர். இதன் உச்சியில், கைப்பிடிச் சுவரின் அடியில் உள்ள கல்லை மல்லாந்து படுத்துத் தலையைப் பின்னால் சாய்த்து முத்தமிட்டால் நாவன்மை வரும் என்பது நம்பிக்கை.

தொன்மங்கள்

இக்கல்லுக்குப் பல கதைகள் உண்டு. 1314-ல் பானக்பர்ன் போரில் உதவியதற்காக ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், தம் நாட்டு முடிசூட்டுக் கல்லில் பாதியைப் பரிசளித்தார் என்பது ஒன்று. வழக்கில் சிக்கிய கோர்மாக், கிளீனா என்னும் தேவதையின் சொற்படி வழியில் முதலில் கண்ட கல்லை முத்தமிட்டு, வாதாடி வென்றார் என்பது மற்றொன்று. நிலத்தை ஒப்படைக்கும்படி கேட்ட முதலாம் எலிசபெத் அரசிக்கு, மக்கார்த்தி தலைவர் இனிய சாக்குகளையே பதிலாக அனுப்பிவந்தார் என்பது மூன்றாவது. ஆங்கிலத்தில் 'பிளார்னி' என்ற சொல் இச்சகப் பேச்சைக் குறிப்பதற்கு இக்கதையையே காரணமாகச் சொல்வர்.

மதிப்பீடு

முதல் கதை அறிவியல் சோதனையில் நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இக்கல்லிலிருந்து எடுத்த மெல்லிய சீவலை கிளாஸ்கோ பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் ஆராய்ந்து, 2014-ல் முடிவை அறிவித்தனர். இது ஏறத்தாழ 33 கோடி ஆண்டுப் பழமையுள்ள உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். ஸ்காட்லாந்தின் கல்லோ மணற்கல். தேவதைக் கதையில் வருவது வழியில் கிடந்த கல் என்பதால், இம்முடிவு அக்கதைக்கு முரணாகாது. ஆனால் முரணின்மை சான்றாகிவிடாது.

கல் இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள திறப்பு, கீழே வரும் பகைவர்மீது கற்களை எறிய அமைக்கப்பட்டது. நாவன்மை தேடி இன்று தலை சாய்க்கும் இடம், அன்று போருக்கான இடம்.

மூன்று கதைகளிலும் மக்கார்த்திகளே வெல்கின்றனர். வரலாறு வேறு. 1646-ல் பிராகில் பிரபுவின் படை கோட்டையைக் கைப்பற்றியது. பின்னர் மீண்டும் கிடைத்த உடைமைகளை, இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பக்கம் நின்றதால் 1690-களில் குலம் இழந்தது. 1703-ல் கோட்டை ஜெஃப்ரீஸ் குடும்பத்திடம் சென்றது. நாவன்மை அவர்களின் நிலத்தைக் காக்கவில்லை.

எனவே இத்தொன்மங்களைப் பொய் என்று ஒதுக்குவதும், வரலாறு என்று ஏற்பதும் தவறு. தோற்ற ஒரு குலத்தை வென்றவர்களாக நினைவில் வைத்திருப்பவை அவை. கல்லின் புகழோடு அந்த இழப்பையும் சேர்த்துப் படிக்கும்போதே கோட்டையின் வரலாறு முழுமை பெறும்.