சுவானியின் 43 நாட்கள்: ஆறு நாள் கதைக்கு அப்பால்

1899 நவம்பர் 9, வியாழக்கிழமை. ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என்று வென்றார்கள். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியை 10-0. சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட்டை 34-0. செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12-0. ஆறு நாட்களில் ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி, மொத்தம் 91 புள்ளிகள். எதிரணிகள் எடுத்தது பூஜ்யம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பழைய கணக்குப் புத்தகத்தில் இப்படி இன்னொரு வாரத்தைக் காண்பது கடினம். ஆடியது டென்னசி மாநிலத்தில் கம்பர்லேண்ட் பீடபூமியின் மேல் இருக்கும் சுவானி. 'யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்' என்பது முழுப்பெயர். எபிஸ்கோபல் திருச்சபையினர் நடத்திய கல்லூரி. மாணவர்கள் சில நூறு பேர். அதிலிருந்து கிளம்பிய அணி அந்த சீசனில் 12 ஆட்டம் ஆடி பன்னிரண்டையும் ஜெயித்தது. அடித்தது 322, விட்டுக்கொடுத்தது 10.

நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக எல்லோரும் அந்த ஆறு நாளைத்தான் பேசுகிறார்கள். பேச வேண்டிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஸ்கோர் பட்டியலை முழுசாக எடுத்து வைத்துப் பார்த்தால், இந்த அணி எவ்வளவு பெரியது என்று சொல்லும் இடம் அந்த ரயில் பயணத்தில் இல்லை. பயணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30-ம் தேதி மான்ட்கமரி மைதானத்தில் இருக்கிறது.

முதலில் பயணம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். காரணம் வீரமல்ல, காசு. சுவானிக்கு வருமானம் தரும் ஆட்டம் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடுவதுதான். டிக்கெட் வசூலைப் பங்கு பிரிப்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு. 1899-ல் அந்த ஆட்டமே நடக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பும் பொறுப்பு அணியின் மேலாளர் தலையில் விழுந்தது. லூக் லீ என்ற மாணவர், வயது 20. ஒரே ரயில் பயணத்தில் எத்தனை ஊரில் ஆட முடியுமோ அத்தனை ஊரிலும் ஆடி வசூல் பார்ப்பது என்று முடிவு செய்து, எல்லாக் கல்லூரிகளுக்கும் எழுதிப் போட்டு தேதி வாங்கினார். போக வர சுமார் 2,500 மைல்.

இந்த லூக் லீயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பின்னாளில் 'டென்னசியன்' நாளிதழைத் தொடங்கினார், அமெரிக்க செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 ஜனவரியில், சில சிப்பாய்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நெதர்லாந்துக்குள் நுழைந்து, அங்கே ஒரு கோமகனின் மாளிகையில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மனியின் முன்னாள் மன்னர் கெய்சர் வில்ஹெல்மைத் தூக்கிவரப் பார்த்தவரும் இவரே. மன்னர் கிடைக்கவில்லை, கூடப் போனவர்களில் ஒருவர் ஒரு சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்ததோடு சரி. 1930-களில் வங்கி மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். இப்படிப்பட்ட ஒருவர் இருபது வயதில் ஆறு நாளில் ஐந்து ஆட்டத்துக்குத் தேதி வாங்கினார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் கிளை ரயிலுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மலை ஆடு'. அதில் இறங்கி, பெரிய பாதையைப் பிடித்து, டெக்சஸ் வரை போக வேண்டும். சாமான்களோடு பீப்பாய்களில் சுவானி ஊற்றுத் தண்ணீரும் ஏறியது. கண்ட ஊர்த் தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டுவிட்டால் ஆட்டமும் கெட்டுவிடும் என்ற முன்யோசனை. இவ்வளவு யோசித்தவர்கள் ஆட்டக்காரர்களின் ஷூக்களை மறந்து விட்டுவிட்டுப் போனார்கள், தந்தி அடித்து அடுத்த ரயிலில் வரவழைத்தார்கள் என்று ஒரு கதை அந்த ஊரில் இன்றும் உலவுகிறது. கூடவே கால் கை பிடித்துவிடும் உதவியாளர் ஒருவரும் போனார். அடிபட்ட கால்களோடு இரவெல்லாம் ரயில் பெட்டியில் படுத்திருந்துவிட்டு மறுநாள் மறுபடி களத்தில் இறங்க வேண்டிய ஆட்டக்காரர்களுக்கு, அவர் கைதான் ஆஸ்பத்திரி.

களம் என்ன களம் என்பதைச் சொல்லாமல் அந்தக் கால்களின் கஷ்டம் புரியாது. இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் அதற்கும் உறவுமுறை உண்டு, அவ்வளவுதான். முன்பக்கம் பந்தை எறிவதற்கு அனுமதியே கிடையாது. அது 1906-ல்தான் வந்தது. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து கைமாறும். ஐந்து கெஜத்துக்காக யாரும் ஓட்டத்தை அகலமாக விரிக்க மாட்டார்கள். கபடியில் சங்கிலி கோத்து மடக்குவார்களே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி, பந்து வைத்திருப்பவனைச் சுற்றி ஆட்கள் கைகோத்துக்கொண்டு எதிர் வரிசையின் ஒரே புள்ளியில் மொத்த எடையோடு மோதுவார்கள். ஹெல்மெட் கட்டாயமில்லை. தாக்கும் பதினொருவரே தடுக்கவும் வேண்டும். வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே வர முடியாது.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காயம் பட்டவர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வெளியேறினால் வெளியேறியதுதான். அதனால் யாரும் வெளியேற மாட்டார்கள். ஆஸ்டின் ஆட்டத்தில் கேப்டன் ஹென்றி சீபல்ஸின் தலையில் வெட்டுக்காயம். பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு ஆடினார். அது ஐந்து ஆட்டங்களில் முதலாவது! இன்று தலையில் லேசாக அடிபட்டாலே மருத்துவர் வந்து கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்க்கிறார், ஆட்டக்காரரை உள்ளே அழைத்துப் போகிறார். அதுதான் சரி. அன்றைய 'தில்'லைக் கொண்டாடுகிறவர்கள் ஓர்மண்ட் சிம்கின்ஸ் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அணியின் ஃபுல்பேக், உதைப்பதில் மன்னன், ஏற்கெனவே கெட்டுப்போன கால்களோடு ஆடியவர். பின்னாளில் அவருடைய இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. 1921-ல், நாற்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்தில், இறந்து போனார்.

இப்போது அலசலுக்கு வருவோம். ஐந்து எதிரணிகளும் ஒரே தரம் அல்ல. டுலேன் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. லூசியானா ஸ்டேட்டுக்கும் அது மோசமான வருஷம். 23, 34 என்ற பெரிய எண்கள் இந்த இரண்டு இடத்தில் மட்டும் வந்தது தற்செயல் அல்ல. மற்ற மூன்றும் 12, 10, 12. பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டும் டச் டவுனுக்கு ஐந்து புள்ளி, அதன் பிறகு உதைத்து கோல் போட்டால் கூடுதலாக ஒன்று என்பது அந்தக் காலக் கணக்கு. ஆக அந்த மூன்று ஆட்டத்திலும் சுவானி அடித்தது இரண்டே முறை என்று கொள்ளலாம். எதிரணி ஒரே ஒரு முறை கோட்டைத் தாண்டியிருந்தாலும் ஆட்டம் திறந்துகொண்டிருக்கும். தாண்ட விடவில்லை. இந்தப் பயணத்தின் உண்மையான சாதனை 91 அல்ல, அந்தப் பூஜ்யம். சோர்ந்துபோன அணியிடம் முதலில் தளர்வது தடுப்புதான்; ஓடுபவனுக்காவது பந்து கையில் இருக்கிற உற்சாகம் உண்டு, தடுப்பவனுக்கு மோதல் மட்டுமே மிச்சம். ஐந்தாவது ஆட்டத்தில், ஆறாவது நாளில், மெம்ஃபிஸில்கூட அந்த வரிசை உடையவில்லை.

பயிற்சியாளர் பில்லி சூட்டர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வடகிழக்கு மாநிலங்களின் பெரிய கல்லூரிகளிலிருந்து ஒரு முன்னாள் ஆட்டக்காரரைத் தெற்குக் கல்லூரிகள் கூட்டிவந்து பயிற்சி கொடுக்கச் சொல்வது அப்போது வழக்கம். ஆட்டத்தின் தலைநகரம் அங்கேதான் இருந்தது: யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன். 1899-ன் தலைசிறந்த அணி எது என்று பின்னாளில் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் கை காட்டியது ஹார்வர்டை. பதினோரு ஆட்டத்தில் பத்து வெற்றி, யேலோடு 0-0 சமன். டென்னசி மலை மேல் ஒரு சிறிய கல்லூரி என்ன செய்தது என்று பாஸ்டனில் யார் பார்த்தார்கள்?

வடகிழக்கு அணிகளோடு மோதிப் பார்க்காத சுவானிக்குத் தெற்கிலேயே ஒரு அளவுகோல் தேட வேண்டும். அதனால்தான் ஆபர்ன் கல்லூரியோடு நடந்த ஆட்டம் முக்கியம். நவம்பர் 30, தேங்க்ஸ்கிவிங் நாள், மான்ட்கமரி; கேப்டன் சீபல்ஸின் சொந்த ஊர். பயணம் முடிந்து வந்து கம்பர்லேண்ட் கல்லூரியை 71-0 என்று நசுக்கிய தெம்போடு சுவானி அங்கே போனது. (பாவம் அந்தக் கம்பர்லேண்ட். பதினேழு வருஷம் கழித்து, 1916-ல், ஜார்ஜியா டெக்கிடம் 222-0 என்று தோற்று நிரந்தரமாக ரெக்கார்டு புத்தகத்தில் இடம்பிடித்தது. அந்த ஜார்ஜியா டெக்கின் பயிற்சியாளர் ஜான் ஹெய்ஸ்மன்.) 1899-ல் ஆபர்னின் பயிற்சியாளரும் இதே ஹெய்ஸ்மன்தான். இன்று ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கோப்பை இவர் பெயரில் இருக்கிறது. பந்தை முன்பக்கம் எறிய அனுமதி கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் விதிக் குழுவை நச்சரித்தவரும் இவரே. தெற்கில் அன்று ஆட்டத்தை மூளையால் யோசித்தவர் யார் என்றால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

முடிவு 11-10. அந்த சீசன் முழுக்க சுவானி கொடுத்த பத்துப் புள்ளிகளும் இந்த ஒரே ஆட்டத்தில் போனவை. ஆபர்னின் 10, இரண்டு ஐந்து. சுவானியின் 11, அதே இரண்டு ஐந்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு ஒன்று. ஒரே ஒரு கோல் உதை. அந்தக் காலத்தில் அது சுலபமான உதையும் அல்ல. இன்று போலக் கம்பங்களுக்கு நேர் எதிரே பந்தை வைக்க மாட்டார்கள். கோட்டைத் தாண்டி எந்த இடத்தில் பந்தைத் தரையில் வைத்தாரோ அதற்கு நேராகப் பின்னால் கொண்டுவந்து உதைப்பதே வழக்கம். ஓரத்தில் டச் டவுன் எடுத்தால் கோணம் கொல்லும்.

ஹெய்ஸ்மன் சும்மா விடவில்லை. நடுவர் மேல் குற்றம் சாட்டி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆபர்ன் அந்த சீசனில் தோற்ற ஒரே ஆட்டம் அது. வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும். குற்றச்சாட்டில் எவ்வளவு நியாயம் என்பதை இன்று யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது, வீடியோவா இருக்கிறது? ஆனால் ஒன்று தெளிவு. சுவானியின் கோட்டை உடைக்கக் கூடியது என்று ஹெய்ஸ்மன் காட்டினார், அதுவும் இரண்டு தடவை. அப்படி உடைந்த பிறகும் ஒரு புள்ளியில் தப்பி வருவதற்கு வேறு வகை வலு வேண்டும். எதிரியை எப்போதும் பூஜ்யத்தில் நிறுத்திப் பழகிய அணிகள் முதல் அடி விழுந்ததும் தடுமாறுவதைப் பல விளையாட்டுகளில் பார்த்திருக்கிறோம். சுவானி அதுவரை அந்த சீசனில் ஒரு புள்ளிகூடக் கொடுத்திருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 11-10-ஐப் படிக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஒரு நாள் இடைவெளி விட்டு, டிசம்பர் 2-ம் தேதி அட்லாண்டாவில் வட கரோலினா. அங்கே 5-0. அக்டோபர் 21-ல் இதே அட்லாண்டாவில்தான் ஜார்ஜியாவை 12-0 என்று வென்று சீசன் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அங்கேயே ஜார்ஜியா டெக்கை 32-0. ஆரம்பம் முதல் முடிவு வரை 43 நாட்களில் 12 ஆட்டம். கடைசி இரண்டையும் சேர்த்து வித்தியாசம் ஆறே புள்ளி. மெம்ஃபிஸிலிருந்து திரும்பிய ரயிலோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் சீசனின் மிகக் கடினமான பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

பழங்கதை என்று ஒதுக்காமல் அமெரிக்க ரசிகர்கள் இந்த அணியை இன்றும் தூக்கி வைத்திருக்கிறார்கள். 2012-ல் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் நடத்திய இணைய வாக்கெடுப்பில், வரலாற்றின் சிறந்த அணியாக 1899 சுவானியே முதலில் வந்தது. இறுதிச் சுற்றில் அது தாண்டியது 1961-ன் அலபாமா அணியை. வாக்கெடுப்பை எல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது. சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே பந்தயத்தில் விட்டு ஓட்டுப் போடச் சொன்னால் சைக்கிள் மேல் பாசம் வருவது சகஜம். சுவானி அதன் காலத்து விதிகளில், அதன் பகுதி அணிகளுக்கு எதிராக, யாராலும் வெல்லப்படாத அணி. ஹார்வர்டோடு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு மைதானத்தில் பதில் இல்லை.

இந்த வெற்றியை வைத்து சுவானி பெரிய ஆளாகவும் வளரவில்லை. தெற்கின் பலமான கல்லூரிகள் சேர்ந்து 1932-ல் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியபோது, ஸ்தாபக உறுப்பினர்களில் ஒன்றாகச் சேர்ந்தது. மற்ற பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கில் மாணவர்களோடும் கான்கிரீட் ஸ்டேடியங்களோடும் பெருத்துவிட்டிருந்தன. கான்ஃபரன்ஸுக்குள் ஆடிய 37 ஆட்டத்திலும் சுவானி தோற்றது. 1940-ல் விலகிக்கொண்டது. இன்று அது விளையாட்டு உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. அந்த நவம்பரில் ரயிலேறிப் போய்த் தோற்கடித்த லூசியானா ஸ்டேட்டும் மிசிசிப்பியும் அந்த கான்ஃபரன்ஸில் ஆரம்பம் முதல் இருக்கின்றன. டுலேன் 1966-ல் வெளியேறியது. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012-ல் வந்தது, டெக்சஸ் 2024-ல். சுவானி ஆறு நாளில் வென்ற ஐந்து கல்லூரிகளும், ஏதோ ஒரு காலத்தில், சுவானி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அதே கான்ஃபரன்ஸின் உறுப்பினர்கள்.