ஒளியூட்டலும் நிழலும்: ரிப்பன் மாளிகை, கங்கைகொண்ட சோழபுரம் – ஒரு மதிப்பீடு

புதுப்பிக்கப்பட்ட பொதுக்கட்டடங்களுக்கு இரவில் ஒளியூட்டுவது மறுசீரமைப்பின் ஒரு பகுதியாகவே இன்று கருதப்படுகிறது. அவ்வொளி கட்டடத்தில் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினாவாகும்.

1913இல் திறக்கப்பட்ட சென்னை ரிப்பன் மாளிகை இதற்குத் தக்க சான்று. மாநகராட்சியின் தலைமையகமான இவ்வெண்ணிறக் கட்டடம் விடுதலை நாள் போன்ற நாள்களில் மூவண்ண ஒளியில் திகழ்கிறது. வெண்சுவர் எந்நிறத்தையும் ஏற்பதால், தொலைவில் செல்வோர்க்கும் அந்நாளின் சிறப்புப் புலப்படுகிறது. இது அவ்வொளியமைப்பின் வெற்றி. ஆயினும் முகப்பு முழுவதும் நிறத்தால் நிரம்பும்போது தூணும் வளைவும் பின்சுவரும் ஒரே தளமாகத் தோன்றுகின்றன, கட்டடம் திரையாகிவிடுகிறது. நிருவாகக் கட்டடம் ஓரிரவு திரையாவது பெருங்குறையன்று. அம்முறையையே சோழர் கற்றளிக்கும் பொதுவிதியாகக் கொள்வதுதான் ஏற்கத்தக்கதன்று.

ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள அதன் விமானம், தஞ்சை விமானம்போல் நேர்கோட்டில் குறுகாமல் உட்குழிந்த வளைவாக எழுகிறது. தளந்தோறும் விழும் நிழலே அவ்வளைவின் ஆழத்தை உணர்த்துகிறது. நாற்புறமும் சமவொளி பாய்ச்சினால் புறக்கோடு மட்டுமே எஞ்சும். வடக்கு வாயிலை ஒட்டியுள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்திக்குத் தரையிலிருந்து ஒளியூட்டினால், பகலொளியில் அமையும் நிழல்கள் தலைகீழாகும். மாலை சூட்டும் இறைவனின் அருள்நோக்கும் சண்டேசரின் பணிவும் திரிந்து தோன்றும்.

கல்வெட்டாய்வாளர் அறிந்த நடைமுறை ஒன்று இங்கு நினையத்தக்கது. தேய்ந்த எழுத்தின்மீது நேரே விளக்கைக் காட்டினால் அது துலங்குவதில்லை. பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால் வெட்டின் விளிம்பில் நிழல் விழுந்து எழுத்துத் தெளிகிறது. இந்நெறி சிற்பத்திற்கும் விமானத்திற்கும் பொருந்தும்.

எனவே, கற்றளிகளுக்கு நிறம் மாறாத இளமஞ்சள் சார்ந்த ஒளி, ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் அமையும் பாய்ச்சல், கல்லில் துளையிடாமல் நிறுத்தப்படும் விளக்குகள் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. திட்டமிடும் குழுவில் மின்பொறியாளருடன் சிற்பவியல், கல்வெட்டியல் அறிஞரும் இடம்பெறுதல் வேண்டும். விளக்குகளின் எண்ணிக்கையை முடிவுசெய்வதற்கு முன், காக்கப்பட வேண்டிய நிழல்கள் எவை என்பதை அக்குழு வரையறுத்தல் வேண்டும்.