எந்தப் பத்து நிமிடம்?

எந்தச் சமையற்குறிப்பை எடுத்தாலும், முட்டையைப் பத்து நிமிடம் வேகவைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பள்ளிப் பாடத்தில் இன்னொரு வரி: மலைமேல் நீரின் கொதிநிலை குறைவதால் உணவு வேகத் தாமதமாகும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் கல்வராயன் மலையில் அடுப்பு மூட்டுகிறவருக்கு இவை எவ்வளவு தூரம் உதவும்?

மலையையே முதலில் பார்ப்போம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி இறங்கும். 3,000 அடி உயரத்திலுள்ள ஒரு மலையூரில் நீர் 97 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கீழே கள்ளக்குறிச்சியில் 100க்குச் சற்றே குறைவு. மஞ்சட்கரு இறுகுவதற்கோ 70 டிகிரி போதும். கணக்கிட்டுப் பார்த்தால், பத்து நிமிடத்தோடு ஒரு நிமிடம் கூடுகிறது, அவ்வளவுதான்! லடாக்கின் லே நகரில், 3,500 மீட்டர் உயரத்தில், நீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாடநூல் வரி அங்கே செல்லும்; கல்வராயனுக்கு அது மிகை.

முட்டையின் எடை இதைவிடப் பெரிய சங்கதி. நாமக்கல் பண்ணை முட்டை 55 கிராம், நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்று கொள்ளுங்கள். சிறிய முட்டையில் வெப்பம் நடுவை எட்டக் கடக்கும் தூரம் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமாகும். ஆகவே மலைமேல் வேகும் நாட்டுக்கோழி முட்டை, கள்ளக்குறிச்சியில் வேகும் பண்ணை முட்டையை முந்திவிடும். இதை எந்தப் புத்தகமும் சொல்லக் காணோம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பத்து நிமிடத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்று சொல்லாததுதான். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பேற்றினால், விறகின் ஈரம், பாத்திரத்தின் கனம், நீரின் அளவு எல்லாம் கணக்கை மாற்றும். கொதிக்கும் நீரில் கரண்டியால் இறக்கிவிட்டு எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அதுவும் வீட்டில் நான்கைந்து முட்டைக்குத்தான். சத்துணவில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010இல் வாரம் ஐந்தாக உயர்ந்தது. கொதிக்கும் 10 லிட்டர் நீரில் 100 முட்டைகளை இறக்கிப் பாருங்கள். அவை 5 கிலோவுக்கு மேல் எடையுள்ள குளிர்ந்த பொருள். அடுப்பின் அனலைச் சேர்க்காமல் கணக்கிட்டால், எல்லாமாகச் சேர்ந்து 80 டிகிரிக்கும் கீழே சரியும். போட்டவுடன் எண்ணத் தொடங்கினால் பாதி வெந்த மஞ்சட்கருதான் குழந்தையின் தட்டுக்கு வரும். சால்மோனெல்லாக் கிருமி பிழைத்திருக்கவும் இடமுண்டு. நீர் மறுபடி தளதளவென்று கொதித்த பிறகே எண்ண வேண்டும்.

இதற்கு அஞ்சி அரைமணி நேரம் கொதிக்க விடுவோரும் உண்டு. வெண்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் சேர்ந்து, மஞ்சட்கருவைச் சுற்றிப் பசுஞ்சாம்பல் வளையம் படிகிறது. அது நஞ்சன்று. கெட்ட முட்டை என்று நினைத்து ஒதுக்கிவிட்டால், போவது முட்டையின் கொழுப்பும் இரும்பும் வைட்டமின் ஏ-யும் அடங்கிய பாதி. வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் பெரும்பாலும் படியாது. குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம்.